கடுங்குளிரில் பற்ற மறுக்கும் 1990 ஃபோர்ட் எஃப்-150: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

பனிச்சாலை (எட்மன்டன், கனடா) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1990ஆம் ஆண்டின் ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் ஒன்று இருக்கிறது. 5.0 லிட்டர் வி-8 என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், முன்னும் பின்னுமாக இரண்டு பெட்ரோல் டேங்குகள். கார்புரேட்டர் கிடையாது, சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வீதம் எட்டு இன்ஜெக்டர்கள். கோடையில் இந்த வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும். மைனஸ் 10 டிகிரி வரையிலும், கொஞ்சம் கூடுதலாகச் சுற்றினாலும், ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. வெப்பநிலை மைனஸ் 25ஐத் தாண்டி இறங்கும்போதுதான் சிக்கல். செல்ஃப் தயக்கமின்றிச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பற்றுவதில்லை. எப்போதாவது பற்றினாலும் சில நொடிகள் தடுமாறி அணைந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தாலும் பெரிய மாற்றமில்லை.

பிளாக் ஹீட்டரை (நிற்கும் என்ஜினைச் சூடாக்கும் மின்கருவி) மூன்று மணி நேரம் மின்சாரத்தில் செருகி வைத்தால் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஸ்டார்ட் ஆகிறது. வேலையிடத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் அதற்கான மின்இணைப்பு இல்லாததால் மாலையில்தான் அவதிப்படுகிறேன். பேட்டரி, ஸ்பார்க் பிளக்குகள், ஃபியூல் ஃபில்டர் ஆகியவற்றை இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் மாற்றியாகிவிட்டது. நெடுநேரம் சுற்றிய பிறகும் சைலன்சர் வாயில் பெட்ரோல் வாடை இல்லை. கழற்றிப் பார்த்த ஒரு பிளக் உலர்ந்தே இருந்தது. பானட்டுக்குள் இருக்கும் சோதனை இணைப்பில் கம்பி ஒன்றைச் செருகி, செக் என்ஜின் விளக்கு சிமிட்டுவதை எண்ணிப் பார்த்தேன். காலையில், என்ஜினை இயக்காமல் செய்த சோதனையில் 24 வந்தது. இடையில் பிரிப்பு எண்ணான 10, அதன் பிறகு நினைவகத்திலிருந்து 11, அதாவது பழுது எதுவும் பதிவாகவில்லை. இரண்டு டேங்கிலும் உள்ள பம்புகளை மாற்றிவிடலாம் என்று ஒரு பணிமனையில் சொன்னார்கள். கேட்ட தொகை வண்டியின் விலையில் பெரும் பங்கு என்பதால் இங்கே கேட்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பழைய இரும்பு (வின்னிபெக்) எழுதுகிறார்:

வணக்கம். குளிரில் வாகனம் இயங்க மறுக்கிறது என்று யார் சொன்னாலும், ஸ்ராட்டர் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். நன்றாகச் சுற்றுகிறது என்பது காதின் கணிப்பு. அதை ஒரு மீற்றரால் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பற்றரியின் இரு முனைகளிலும் வோல்ற் அளவைப் பார்க்கட்டும். 10 வோல்ற்றை ஒட்டி நின்றால் கவலையில்லை. 9க்கும் கீழே சரிந்தால், ஸ்ராட்டர் சுற்றுவதுபோல் தோன்றினாலும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கும் இக்னிஷனுக்கும் போய்ச் சேரும் மின்சாரம் போதாமல் போகலாம். பற்றரி புதியது என்கிறீர்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் கோல்ட் கிராங்கிங் ஆம்ப் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில் 30 வினாடிகளுக்கு, 7.2 வோல்ற்றுக்குக் கீழே இறங்காமல் அந்தப் பற்றரி எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதைச் சொல்வதே அந்த எண். உங்கள் ஊரின் மைனஸ் 30இல் அதுவும் கிடைக்காது.

அடுத்தது ஒயில். பழைய வி-8 என்றால் 10டபிள்யூ-30 ஊற்றும் வழக்கம் பலருக்கு உண்டு. 10டபிள்யூ வகை ஒயிலுக்குக் குளிரில் சுற்றும் தன்மைச் சோதனை மைனஸ் 25 டிகிரியிலும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30இலும், 0டபிள்யூவுக்கு மைனஸ் 35இலும் நடத்தப்படுகிறது. உங்கள் சிக்கல் மைனஸ் 25ஐ ஒட்டித் தொடங்குவதைப் பார்க்கும்போது, எஞ்சினில் இப்போது என்ன ஒயில் இருக்கிறது என்பதை அறிய விரும்புகிறேன். கனடாவின் புல்வெளி மாகாணங்களில் வாழும் நாங்கள் இந்த வயது வாகனங்களுக்கு நவம்பருக்கு முன்பே 5டபிள்யூ-30 செயற்கை ஒயிலுக்கு மாறிவிடுவோம்.

ஆனால் இவை இரண்டும் ஸ்ராட்டர் மெதுவாகச் சுற்றும் வாகனங்களுக்குரிய மருந்துகள். நீங்கள் விவரித்தபடி அது உண்மையிலேயே வேகமாகச் சுற்றுகிறது என்றால், பெற்றோல் அல்லது தீப்பொறிப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். பிளக் உலர்ந்திருந்தது என்ற தகவல் பெற்றோல் பக்கமே கை காட்டுகிறது.

நாலுசக்கரம் (சாஸ்கட்டூன்) எழுதுகிறார்:

பம்பை மாற்றுவதற்கு முன்பு பம்பைச் சோதிக்க வேண்டும் என்பதை அந்தப் பணிமனைக்கு யாராவது சொல்லியிருக்கலாம். 1990 முதல் இந்த வண்டிகளில் உயர் அழுத்தப் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. டேங்க் ஒன்றுக்கு ஒரு பம்ப். இரண்டு பம்புகளும் ஒரே வாரத்தில், அதுவும் மைனஸ் 25க்குக் கீழே மட்டும், பழுதாவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே காசு செலவில்லாத சோதனை உங்கள் டேஷ்போர்டிலேயே இருக்கிறது. முன் டேங்கில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சுவிட்சைத் தட்டிப் பின் டேங்குக்கு மாற்றி, சாவியைப் போட்டு ஓரிரு நொடி பம்ப் ஓடும் ஓசையைக் கேட்டுவிட்டு, மீண்டும் முயலுங்கள். இரண்டிலும் ஒரே நடத்தை என்றால் பம்புகள் பெரும்பாலும் குற்றமற்றவை.

இரண்டாவது சோதனையும் இலவசமே. வண்டி இரவு முழுதும் நின்றால், பம்பில் உள்ள ஒருவழி வால்வு கசிந்து குழாயிலுள்ள அழுத்தம் இறங்கிவிடுவது உண்டு. சாவியைத் திறந்து, பம்ப் நின்றதும் மூடி, மறுபடி திறந்து என நான்கைந்து முறை செய்துவிட்டுச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். அப்போது உடனே பிடித்தால் கசிவுதான் காரணம். பிடிக்காவிட்டால் அழுத்த அளவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ஃபியூல் ரெயிலில் டயர் வால்வைப் போலவே இருக்கும் முனையில் பொருத்துங்கள். உங்கள் 5.0 என்ஜினில் சாவியை மட்டும் திறந்த நிலையில் 35 முதல் 45 பி.எஸ்.ஐ வரை காட்ட வேண்டும். பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றி முகர்ந்து பார்ப்பதையும் மறக்க வேண்டாம். அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளேயுள்ள சவ்வு கிழிந்திருக்கிறது.

டேங்கில் சேரும் நீர் உறைந்து குழாயை அடைப்பதும் இங்கே வழக்கம்தான். டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருப்பதும், ஐசோபுரொபைல் கலந்த உறைதடுப்புத் திரவம் ஒரு புட்டி ஊற்றுவதும் போதும். ஆனால் உறைந்த குழாய், பிளாக் ஹீட்டரைச் செருகியதால் உருகாது. ஹீட்டர் போட்டால் வண்டி நலம் என்று நீங்கள் எழுதியதை வைத்து அதை ஒதுக்கிவிடலாம்.

ஸ்பானர் (ரெட் டியர்) எழுதுகிறார்:

24 என்பது உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாருக்குரிய எண். கணினியே பெயர் சொல்லிவிட்ட பிறகு வேறு எதற்காகத் தேட வேண்டும்? அதை மாற்றுங்கள். அதிலும் தீராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள, தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் டி.எஃப்.ஐ மாட்யூலை மாற்றுங்கள். அந்தக் கால ஃபோர்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை ஒருமுறையாவது மாற்றியிருப்பார்கள்.

குறடு (கால்கரி) எழுதுகிறார்:

ஸ்பானர் அவர்கள் சொன்ன இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டி.எஃப்.ஐ மாட்யூல் பெரும்பாலும் சூடேறிய பிறகு கைவிடும் பொருள். நெடுஞ்சாலையில் ஓடி நின்றபின் மீண்டும் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தி, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். கடுங்குளிரில் மட்டும் தோன்றி, வெப்பத்தில் மறையும் நோய்க்கு அது பொருந்தவில்லை. 24ஐப் பொறுத்தவரை, அது பழுதையே குறிக்கவில்லை என்பது என் கருத்து. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வண்டியில் இருப்பது ஃபோர்டின் ஈ.ஈ.சி-4 கணினி. என்ஜினை இயக்காமல் செய்யும் சோதனையில் அது கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சென்சாரையும் காற்று சென்சாரையும் ஓர் எதிர்பார்ப்போடு படிக்கிறது: இரண்டுமே ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால், சென்சார் உண்மையையே சொன்னாலும், எல்லைக்கு வெளியே என்று எண்ணைச் சிமிட்டும். கூலன்டுக்கு 21, காற்றுக்கு 24. மைனஸ் 27 டிகிரிக் காலையில், இரவு முழுதும் வெளியே நின்ற வண்டியில் இந்தச் சோதனையைச் செய்தால் 21, 24 இரண்டும் வந்தே ஆக வேண்டும். உங்களுக்கு 24 வந்தது. 21 ஏன் வரவில்லை என்பதுதான் இங்கே கேள்வி. உறைந்து நிற்கும் என்ஜினின் கூலன்ட் 10 டிகிரிக்கு மேல் இருப்பதாகக் கணினி நம்புகிறது. அந்தச் சோதனையைச் செய்தபோது ஹீட்டர் செருகப்பட்டிருக்கவில்லை என்ற ஊகத்தில் இதைச் சொல்கிறேன். அதை மட்டும் உறுதிப்படுத்துங்கள்.

இதன் விளைவு எளிது. குளிரில் பெட்ரோல் முழுதாக ஆவியாவதில்லை. அதன் மிக இலேசான பகுதி மட்டுமே ஆவியாகி எரியும், மற்றது சிலிண்டர்ச் சுவரை நனைத்துக்கொண்டு கிடக்கும். ஆகவே எரியத்தக்க கலவை உருவாக, வெப்பமான என்ஜினுக்குக் கொடுப்பதைப்போல் பல மடங்கு பெட்ரோலை இன்ஜெக்டர்கள் தெளிக்க வேண்டும். இந்த வண்டியில் குளிருக்கென்று தனி இன்ஜெக்டரோ, சோக் கம்பியோ கிடையாது. எவ்வளவு தெளிப்பது என்பதைக் கணினி முடிவு செய்கிறது; செல்ஃப் சுற்றும் நேரத்தில் அது முதன்மையாக நம்புவது கூலன்ட் சென்சாரை. அந்தச் சென்சார் 40 டிகிரி என்று சொன்னால், 40 டிகிரிக்கு உரிய அளவுதான் கிடைக்கும். பிளக் உலர்ந்திருப்பது, வாடை இல்லாதது, ஹீட்டர் போட்டால் சரியாவது எல்லாம் அதனோடு ஒத்துப்போகின்றன. மைனஸ் 10இல் ஓரளவு ஆவியாதல் இருப்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றினால் பிடித்துவிடுகிறது.

இப்படி ஒரு சென்சார் பொய் சொன்னால் கணினி ஏன் கண்டுகொள்ளவில்லை என்று கேட்கலாம். கம்பி அறுந்தால் 51, குறுக்கிணைப்பு ஏற்பட்டால் 61 என்று அது கத்தும். ஆனால் நடுவே எங்கோ நிற்கும், நம்பத்தகுந்த ஒரு தவறான அளவை அதனால் தவறென்று அறிய முடியாது. வாசலில் வந்து அழுதால்தானே வீட்டுக்காரனுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே திருடுபவனை எப்படிப் பிடிப்பான்?

சோதிக்கும் முறை: முதலில் சரியான சென்சாரைக் கண்டுபிடியுங்கள். என்ஜினுக்குள் காற்று நுழையும் இன்டேக் பகுதியில் கூலன்டைத் தொடும் வெப்பநிலை உறுப்புகள் இரண்டு உண்டு. ஒற்றைக் கம்பி உள்ளது டேஷ்போர்டு முள்ளுக்கானது. அதற்கும் கணினிக்கும் தொடர்பில்லை. இரண்டு கம்பிகள் உள்ளதே நமக்கு வேண்டியது. டேஷ்போர்டு முள் சரியாகக் காட்டுகிறதே என்று யாரும் சமாதானம் அடைய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இரவு முழுதும் நின்ற வண்டியில் அந்த இணைப்பைக் கழற்றி, சென்சாரின் இரண்டு ஊசிகளுக்கிடையே மின்தடையை அளக்கவும். பிறகு காற்று சென்சாரையும் அதேபோல் அளக்கவும். ஃபோர்டில் இரண்டும் ஒரே அளவுத் தொடரைப் பின்பற்றுவதால், இரண்டும் ஒரே குளிரில் நிற்கும்போது ஏறத்தாழ ஒரே எண்ணைத் தர வேண்டும். அதனால் அட்டவணைகூட அவசியமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 90 டிகிரியில் சுமார் 2.8 கிலோ ஓம், 40 டிகிரியில் சுமார் 16, 20 டிகிரியில் சுமார் 37, 10 டிகிரியில் சுமார் 59. உங்கள் குளிரில் பல நூறு கிலோ ஓம் காட்ட வேண்டும். அளக்கும்போது மீட்டரின் இரு முனைகளையும் விரலால் பிடிக்காதீர்கள். இவ்வளவு பெரிய மின்தடையை அளக்கையில் உங்கள் உடலும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அடுத்து, இணைப்பைக் கழற்றிய நிலையில் சாவியைத் திறந்து, கம்பிப் பக்கத்தில் இரண்டு முனைகளுக்கிடையே வோல்ட் அளவைப் பாருங்கள். 5 வோல்ட் இருந்தால் கம்பிகள் நலம். கணிசமாகக் குறைந்தால் பழுது சென்சாரில் இல்லை, கம்பித் தொகுப்பில் எங்கோ ஈரமோ உரசலோ இருக்கிறது. சென்சார்தான் காரணம் என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதி செய்ய விரும்பினால், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கம்பிப் பக்க இணைப்பின் இரு முனைகளிலும் செருகுங்கள். கணினி அதை ஏறத்தாழப் பூஜ்யம் டிகிரி என்று படிக்கும். அப்போது என்ஜின் பற்றிக்கொண்டால் வேறு சாட்சி வேண்டாம். பற்றியதும் நெடுநேரம் அப்படியே ஓட விடாதீர்கள். சூடேறிய பிறகும் குளிர் என்றே எண்ணிப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

இன்னும் ஒன்று. இதுபோன்ற வேளையில் ஈதர் கலந்த ஸ்டார்டிங் திரவத்தைக் காற்றுக் குழாயில் அடிக்கச் சொல்பவர்கள் வருவார்கள். கலவையில் எரிபொருள் குறைவா என்பதை அறிய ஒரு சிறு பீய்ச்சல் உதவும்தான். அதையே தினசரி வழக்கமாக்கினால் இன்டேக்கில் தீ திரும்பி வெடிக்கும்.

பனிச்சாலை எழுதுகிறார்:

மிக்க நன்றி, குறடு ஐயா. ஹீட்டர் செருகாத நிலையில்தான் அந்தச் சோதனையைச் செய்திருந்தேன். இன்று காலை வெளியே மைனஸ் 28. மற்றவர்கள் சொன்னவற்றையும் சேர்த்தே பார்த்துவிட்டேன். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி 10.1 வோல்ட் காட்டியது. என்ஜினில் இருப்பது 5டபிள்யூ-30. டேங்கை மாற்றினாலும் சாவியைப் பலமுறை திறந்து மூடினாலும் எந்த வேறுபாடும் இல்லை. ரெயில் அழுத்தம் 39 பி.எஸ்.ஐ.

காற்று சென்சார் 400 கிலோ ஓமை ஒட்டிக் காட்டியது. இரண்டு கம்பி உள்ள கூலன்ட் சென்சார் 16 கிலோ ஓம் மட்டுமே காட்டியது. நீங்கள் தந்த அளவின்படி அது 40 டிகிரி! கம்பிப் பக்கத்தில் 5 வோல்ட் சரியாக வருகிறது. ரெசிஸ்டரைச் செருகிச் செல்ஃப் அடித்தேன். மூன்று நான்கு சுற்றிலேயே பற்றி, தடுமாற்றமின்றி நின்று ஓடியது. அணைத்துவிட்டுப் பழைய சென்சாரை மீண்டும் இணைத்து, ஹீட்டரின் உதவியோடு ஓட்டி, என்ஜின் முழுதும் சூடேறிய பிறகு அதையே அளந்தபோது 2.4 கிலோ ஓம் வந்தது. அது ஏறக்குறைய சரியான அளவுதானே? சூட்டில் சரியாகவும் குளிரில் இவ்வளவு தவறாகவும் ஒரு சென்சார் எப்படிக் காட்ட முடியும்? மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இருந்தால் சொல்லுங்கள்.

குறடு எழுதுகிறார்:

உங்கள் இரண்டு அளவுகளும் ஒன்றையொன்று விளக்குகின்றன. சென்சாரின் உட்பகுதியில், வெப்பத்தை உணரும் மணி போன்ற சிறு உறுப்புக்குப் பக்கவாட்டில் ஒரு கசிவுப் பாதை உருவாகியிருக்கிறது. ஈரம் புகுந்திருக்கலாம், அடைப்பு விரிசல் விட்டிருக்கலாம். அந்தப் பாதையின் தடை சுமார் 17 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் மணியின் தடை 2.8 கிலோ ஓம். அதோடு 17 இணையாகச் சேர்ந்தால் 2.4 ஆகும். ஐந்தாறு டிகிரிப் பிழை, ஓட்டுபவருக்குத் தெரியாது. குளிரில் மணியின் தடை 400. அதோடு 17 சேர்ந்தால் 16தான் மிஞ்சும். மின்சாரத்தின் பெரும்பகுதி எளிய வழியிலேயே பாய்கிறது. கோடையில் வண்டி குறையின்றி ஓடியதற்கும் நினைவகத்தில் 11 என்று நலச்சான்று கிடைத்ததற்கும் இதுவே காரணம்.

மாற்றும்போது என்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து அழுத்தத்தை நீக்கி, மூடிவிட்டுச் சென்சாரைக் கழற்றினால் கொஞ்சம் கூலன்ட் மட்டுமே சிந்தும். புதியதைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் கணினிக்கான சென்சார், இரண்டு ஊசி உள்ளது என்று தெளிவாகக் கேளுங்கள். வாங்கியதும் பொருத்துவதற்கு முன் வீட்டு அறை வெப்பத்தில் அளந்து, 37 கிலோ ஓமை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள்ளிருந்தே தவறாக வரும் மலிவுப் பொருட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய இரும்பு எழுதுகிறார்:

கூலன்ட் சிந்தியதை ஈடுசெய்ய வெறும் தண்ணீரை ஊற்றிவிட வேண்டாம். பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கோல் ஏறத்தாழ மைனஸ் 37 வரைதான் தாங்கும். உங்கள் பக்கத்தில் அது தாராளமான எல்லை அல்ல. 60 வீதம் கிளைக்கோல் இருந்தால் மைனஸ் 50 வரை அச்சமில்லை. ஏறத்தாழ 70 வீதத்துக்கு மேல் கூட்டினால் பாதுகாப்பு மீண்டும் குறையத் தொடங்கும்.

புதிய சென்சாரைப் பூட்டியபின், எண்கள் சிமிட்டிக்கொண்டிருக்கும்போதே சோதனைக் கம்பியைப் பிடுங்கினால் நினைவகம் அழிந்துவிடும். அடுத்த கடுங்குளிர்க் காலையில், ஹீட்டர் செருகாமல் அதே சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். இம்முறை 21, 24 இரண்டுமே வர வேண்டும். வந்தால், எதையும் கழற்றாமல் சாவியைத் திருப்புங்கள்.